சந்தா கட்டினால் போதாது: வர்த்தக சங்கத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உள்ளூர் தொழில் வர்த்தக சங்கத்தில் சேருவதால் என்ன பயன் என்று கேட்டால், ‘நாலு பேர் பழக்கம் கிடைக்கும்’ என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. சங்க நிர்வாகிகளே பல நேரம் அதற்கு மேல் சொல்வதில்லை. அதனால் சேருகிறவர்களும் ஆண்டுக்கு ஒரு விருந்து, மேஜையில் வைக்க ஒரு டைரி, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் என்ற எதிர்பார்ப்போடு சேருகிறார்கள். அவை கைக்கு வந்ததும், இதற்கா பணம் கட்டினோம் என்று மறு ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சேம்பர், அதாவது வர்த்தக சங்கம், செய்யும் வேலைகளில் பழக்கம் ஏற்படுத்தித் தருவது கடைசி வரிசையில் வருவது. தனி வணிகர் ஒருவர் எவ்வளவு செலவழித்தாலும் தானாகச் செய்துகொள்ள முடியாத வேலைகள் சில உண்டு. அவற்றுக்காகத்தான் இப்படி ஓர் அமைப்பே தோன்றியது. அவற்றை எப்படிக் கேட்டு வாங்குவது, எந்த இடத்தில் காரியம் கெடுகிறது என்பதை, சங்கப் பணிகளை உள்ளிருந்து பார்க்கிறவர்கள் என்ற முறையில் உங்கள் வாசகர்களுக்கு எழுதுகிறோம்.

பிரான்சின் துறைமுக நகரான மார்செய்யில் 1599-இல் வணிகர்கள் அமைத்ததே உலகின் முதல் வர்த்தக சங்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சங்கம் 1783-இல் அரச சாசனம் பெற்றது. இந்த இரண்டு வழியிலிருந்தும் இன்று இரண்டு வகைச் சங்கங்கள் இருக்கின்றன. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் சேம்பர் என்பது சட்டத்தால் அமைந்த பொது அமைப்பு. தொழில் தொடங்கினாலே அதில் உறுப்பினர்தான், விருப்பம் கேட்பதில்லை. ஜெர்மனியில் தொழிற்பழகுநர் தேர்வுகளைக்கூட அவையே நடத்துகின்றன. பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் சேம்பர் என்பது விரும்புகிறவர்கள் சேரும் தனியார் அமைப்பு. அதற்கு அரசு அதிகாரம் கிடையாது; உறுப்பினர்களின் எண்ணிக்கையும் சொல்லில் உள்ள நம்பகமும்தான் அதன் பலம். இந்த இரண்டாம் வகையில்தான் ‘சேரலாமா, வேண்டாமா’ என்ற கேள்வியே எழுகிறது. ஆகவே இந்தக் கடிதமும் அதைப் பற்றியதே.

ஏற்றுமதி செய்கிறவர்களிடமிருந்து தொடங்குகிறோம்; அவர்களுக்கு இது உடனடித் தேவை. சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதை, விற்கிறவரும் வாங்குகிறவரும் அல்லாத மூன்றாவது ஒருவர் உறுதிப்படுத்தித் தருவது பிறப்பிடச் சான்றிதழ். சுங்க நடைமுறைகளை எளிமைப்படுத்துவதற்கான 1923-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, இதை வழங்கும் பொறுப்பை அரசுகள் வர்த்தக சங்கங்களிடம் ஒப்படைக்க வழி செய்தது. இதில் இரண்டு வகை உண்டு. இரு நாடுகளுக்கு இடையே வர்த்தக ஒப்பந்தம் இருந்து, அதன் கீழ் சுங்க வரிச் சலுகை கேட்பதற்கான சான்றிதழ் ஒரு வகை. அதை யார் தரலாம் என்பதை அந்தந்த ஒப்பந்தம் சொல்லும். சில ஒப்பந்தங்களில் அரசு அமைப்பு மட்டும் தரும், சிலவற்றில் ஏற்றுமதியாளரின் சொந்த உறுதிமொழியே போதும். சலுகை சாராத சான்றிதழ் இன்னொரு வகை. சேம்பர்கள் பெரும்பாலும் தருவது இதைத்தான். வாங்குகிறவரின் நாட்டுச் சுங்கமோ, எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குகிறவரின் வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) திறந்த வங்கியோ கேட்பதும் பெரும்பாலும் இதுவே. சலுகைக்கு உரிய சான்றிதழ் தேவைப்படும் இடத்தில் சலுகை சாராததை அனுப்பிவிட்டால், அங்கே வாங்குகிறவர் முழு வரியையும் கட்டிவிட்டு நம்மிடம் திருப்பிக் கேட்பார். ஆர்டர் வந்த அன்றே ‘எந்த வகை வேண்டும்’ என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை விண்ணப்பிக்கும்போது நிறுவனப் பதிவுச் சான்று, கையெழுத்திட அதிகாரம் பெற்றவரின் மாதிரிக் கையெழுத்து, சொன்ன விவரம் தவறானால் பொறுப்பு எங்களுடையது என்ற உறுதிப் பத்திரம் ஆகியவற்றைச் சேம்பரில் பதிந்துவைக்கும்படி கேட்பார்கள். இந்தப் பதிவைக் கப்பல் கிளம்பும் வாரத்தில் வைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பதிவு முடிந்திருந்தால் பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், உற்பத்தியாளரின் உறுதிமொழி ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் போதும். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் பல சேம்பர்கள் இதைத் தருகின்றன, கட்டணம்தான் கூடுதல். மாதம் நாலைந்து சரக்கு அனுப்புகிறவர் அந்தக் கட்டண வித்தியாசத்தையும் ஆண்டுச் சந்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே, சேருவதா வேண்டாமா என்பது தெளிவாகிவிடும்.

சான்றிதழ் கிடைத்தும் பணம் தடைபடுவது எப்படி என்று பார்ப்போம். எல்.சி. மூலம் நடக்கும் வியாபாரத்தில் வங்கிகள் யு.சி.பி. 600 விதிகளைப் பின்பற்றுகின்றன. சர்வதேச வர்த்தக சங்கம் வகுத்த இந்த விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளை மட்டுமே பார்க்கிறது. அதற்கு அதிகபட்சம் 5 வங்கி நாட்கள் அவகாசம். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பிறப்பிடச் சான்றிதழில் பொதுவான சொற்களில் எழுதலாம், ஆனால் மற்றத் தாள்களோடு முரண்படக் கூடாது. பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) மொத்த எடை, சான்றிதழில் நிகர எடை என்று இருந்து, எது எந்த எடை என்று இரண்டிலும் குறிக்காமல் விட்டால், சரியான இரண்டு எண்களே முரண்பாடாகத் தெரியும். எல்.சி.யில் ‘சேம்பர் வழங்கிய சான்றிதழ்’ என்று கேட்டிருக்க, உற்பத்தியாளர் தன் லெட்டர்ஹெட்டில் அடித்த சான்றை வைத்தால் அது செல்லாது. எச்.எஸ். கோடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) எழுதும்போது உலகம் முழுக்கப் பொதுவானவை முதல் 6 இலக்கங்கள் மட்டுமே என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. நம் நாட்டு இலக்கத்தை முழுதாக எழுதினால் அங்கே வேறு பொருளைக் குறிக்கலாம். ஆவணங்களைச் சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதி ஆகும் முன் வங்கியில் சேர்க்க வேண்டும். சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்தி வாங்க இரண்டு நாள் போனாலும் அது இந்தக் கணக்கில்தான் கழியும்.

பிறப்பிடம் பற்றி ஒரு வார்த்தை. இன்னொரு நாட்டில் செய்த பொருளை வாங்கி, பெட்டி மாற்றி, லேபிள் ஒட்டி அனுப்பினால் பிறப்பிடம் மாறிவிடாது. பொருளின் தன்மையே மாறும் அளவுக்கு வேலை நடந்திருக்க வேண்டும். மூலப்பொருளும் முடிந்த பொருளும் எச்.எஸ். கோடின் முதல் 4 இலக்கத்தில் வேறுபடுகின்றனவா என்று பார்ப்பது ஒரு வழி, மதிப்பு எவ்வளவு சதவீதம் கூடியது என்று பார்ப்பது இன்னொரு வழி. இதைக் கேட்கும் சேம்பர் அலுவலரை ‘தொல்லை கொடுக்கிறார்’ என்று நினைக்க வேண்டாம். கேட்காமல் முத்திரை குத்தும் சேம்பரின் சான்றிதழை வெளிநாட்டுச் சுங்கம் ஒருமுறை சந்தேகப்பட ஆரம்பித்தால், ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் சரக்கும் துறைமுகத்தில் நிற்கும்.

கண்காட்சிக்கு மாதிரிப் பொருள்களை வெளிநாடு கொண்டுபோகிறவர்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற ஏற்பாடு இருக்கிறது. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் வரும் இந்த ஆவணம் கையில் இருந்தால், சேர்ந்திருக்கும் நாடுகளில் சுங்க வரியோ பிணைத்தொகையோ கட்டாமல் பொருளை உள்ளே கொண்டுபோய், திரும்பக் கொண்டுவரலாம். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். மாதிரிகள், கண்காட்சிப் பொருள்கள், தொழில்முறைக் கருவிகள் ஆகிய மூன்றுக்கும் பயன்படும். தின்று தீர்க்கும் பொருளுக்கும், இலவசமாகக் கொடுத்துவிடும் துண்டறிக்கைக்கும் செல்லாது. பொருள் பட்டியலை வரிசை எண்ணோடு, இயந்திரமானால் அதன் மேல் பொறித்த எண்ணோடு எழுத வேண்டும். கார்னே வழங்கிய பிறகு ஒரு பொருளைக்கூட அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. இதில் பெரும்பாலான சிக்கல் வருவது இரண்டு இடங்களில். திரும்பி வரும்போது, அந்த நாட்டுச் சுங்கத்தில் வெளியேற்ற முத்திரை வாங்காமல் விமானம் ஏறிவிடுவது ஒன்று. கண்காட்சியில் ஒருவர் நல்ல விலை கேட்டார் என்று மாதிரியை அங்கேயே விற்றுவிடுவது மற்றொன்று. இரண்டிலும் அந்த நாட்டுச் சுங்கம் வரியையும் அதற்கு மேல் அபராதத் தொகையையும் உத்தரவாதம் தந்த சேம்பரிடம் கேட்கும். கார்னே வாங்கும்போது நாம் சேம்பரிடம் வைத்த பிணைத்தொகையிலிருந்து அது எடுத்துக் கொடுக்கும். எல்லா உள்ளூர்ச் சங்கமும் கார்னே தருவதில்லை. தேசிய அளவில் உத்தரவாதம் தரும் அமைப்பு எது, அதன் கிளை எங்கே என்பதை உள்ளூர்ச் சங்கத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

ஏற்றுமதி செய்யாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அவருக்கும் சேர்த்துத்தான் சேம்பரின் மிகப் பெரிய வேலை இருக்கிறது. அரசு அலுவலகத்திலோ நகராட்சியிலோ ஒரு விதி வரும்போது, வணிகர் தரப்பை ஆதாரத்தோடு எடுத்து வைப்பது அது. வருந்தத்தக்க வகையில், அதிகம் சொதப்பும் வேலையும் இதுவே.

எடுத்துக்காட்டாக, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை சரக்கு வாகனங்கள் கடைத்தெருவுக்குள் வரக் கூடாது என்று ஓர் உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கங்கள் வழக்கமாக எழுதும் மனு இப்படி இருக்கும்: ‘இந்த உத்தரவால் வணிகர்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளனர். ஆகவே சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.’ கூடவே குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, சொத்து வரி என்று இன்னும் ஒன்பது கோரிக்கைகள். இதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்ய முடியும்? ரத்து செய்தால் நெரிசல் பற்றிப் புகார் கொடுத்தவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். துயரம் எவ்வளவு என்று மேலிடத்துக்கு எழுத அவர் கையில் ஓர் எண்கூட இல்லை. ‘பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்படும்.

அதே விஷயத்தை வேறு மாதிரி செய்யலாம். சங்கம் முதலில் ஒரு தாள் அச்சிட்டு, அந்தத் தெருவில் உள்ள உறுப்பினர் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். வாகனம் வந்த நேரம், இறக்கி முடித்த நேரம், தெருமுனையில் காத்திருந்த நிமிடங்கள், லாரிக்காரர் கூடுதலாக வாங்கிய காத்திருப்புக் கட்டணம், இரவு நேரத்தில் இறக்கக் கூடுதலாகக் கொடுத்த கூலி, கெட்டுப்போன சரக்கு என ஆறு கட்டங்கள் போதும். இரண்டு வாரம் நிரப்பினால் தேவையான படம் கிடைத்துவிடும். கட்டணச் சீட்டுகளை அந்தத் தாளோடு பின் செய்து வைக்க வேண்டும். சில கடைக்காரர்கள் மாத இறுதியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் மொத்தத்தையும் நிரப்பித் தருவார்கள். அப்படி வந்த தாள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எதிர்த்தரப்பு ஒரு தாளைப் பொய் என்று காட்டினால் மற்றதெல்லாம் அதோடு போகும்.

பிறகு மனு. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் உத்தரவின் எண், தேதி, எந்தப் பிரிவு என்பவை. இரண்டாவதில் இத்தனை கடைகளில், இத்தனை நாளில், சராசரியாக இவ்வளவு காத்திருப்பு, இவ்வளவு கூடுதல் செலவு என்ற கணக்கு. மூன்றாவதில் மாற்று ஏற்பாடு. ‘தடையை நீக்குங்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, சிறிய சரக்கு வாகனங்கள் மட்டும், இன்ன இரண்டு தெருக்களில் ஒரு பக்கமாக நிறுத்தி இறக்க அனுமதிக்கலாம்’ என்று, அதிகாரி அப்படியே கோப்பில் எடுத்து எழுதக்கூடிய வாக்கியமாகக் கொடுக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். கொடுப்பதற்கு முன்பு அந்தத் தெருக்காரர்களிடமும், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் அங்கேயும் பேசிவிட வேண்டும். 3 மணிக்குப் பள்ளி விடும் என்றால் நேரத்தை 2 மணியாக நாமே குறைத்துக் கேட்பது புத்திசாலித்தனம். மனுவுக்கு ஒப்புகை எண் வாங்கி, 15 நாள் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். நேரில் போகும்போது தலைவரும் செயலாளரும் மட்டும் போகாமல், தாள் நிரப்பிய கடைக்காரர் ஒருவரையும் அழைத்துப் போனால், அதிகாரி கேட்கும் குறுக்குக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பகல் 12 முதல் 3 வரை அனுமதி கிடைத்தால் சந்தா கட்டாத கடைக்காரரும்தானே அனுபவிப்பார், பிறகு நான் ஏன் சேர வேண்டும்? பலர் சேராமல் இருப்பதற்கு உண்மையான காரணமே இதுதான். எங்கள் பதில் இது: பலன் எல்லோருக்கும் பொது, ஆனால் எதைக் கேட்பது என்று முடிவெடுக்கும்போது அறையில் இருப்பவர்கள் சிலர்தான். எந்த இரண்டு தெரு, எந்த மூன்று மணி நேரம், எவ்வளவு பெரிய வாகனம் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. மொத்த வியாபாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதிய மனுவில் லாரிக்கு வசதியான நேரம் இருக்கும், காலையிலேயே சரக்கு தேவைப்படும் சில்லறைக் கடைக்காரரின் நேரம் இருக்காது. அது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. சொல்ல ஆள் இல்லாததால் நடக்கிறது. சிறிய கடைக்காரர்களும், சிறு பட்டறை வைத்திருப்பவர்களும், தொழில் நடத்தும் பெண்களும் ‘சேம்பர் பெரிய ஆட்களுக்கானது’ என்று ஒதுங்கி நிற்க நிற்க, அது அப்படியே ஆகிவிடுகிறது. இதை நாங்கள் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறோம்.

ஆகவே சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், ஏதாவது ஒரு துணைக்குழுவில் பெயர் கொடுப்பது. வரி, போக்குவரத்து, ஏற்றுமதி, தொழிலாளர் சட்டம் என்று பல குழுக்கள் இருக்கும். ஒன்று போதும். மூன்றில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாதவர்களால் கூட்டத்துக்கான குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் குழுவே முடங்குகிறது. பொதுக்கூட்டத்தில் மேடை ஏறிப் பேசுவதைவிட, எட்டுப் பேர் உட்காரும் துணைக்குழுவில் ஒரு பில்லை எடுத்து மேஜையில் வைப்பதற்கு அதிக மதிப்பு உண்டு.

அடுத்தது, வழக்குக்குப் போகாமல் தகராறைத் தீர்த்துக்கொள்வது. பல சேம்பர்களில் சமரச மையமோ நடுவர் மன்றமோ இருக்கிறது. சர்வதேச வர்த்தக சங்கத்தின் நடுவர் மன்றம் 1923-இல் தொடங்கியது. 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால், ஒரு நாட்டில் கிடைத்த நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள முடிகிறது. ஆனால் இந்த வழி திறப்பது ஒப்பந்தத்தில் எழுதும் ஒரு பிரிவைப் பொறுத்தது, அதைத் தகராறு வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அப்படியொரு பிரிவில் கையெழுத்திடுவது அரிது. அந்தப் பிரிவில் ஐந்து விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த அமைப்பின் விதிகள், நடுவர்கள் எத்தனை பேர், நடுவர் மன்றத்தின் சட்டப்படியான இடம் எது, எந்த மொழி, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம். அமைப்பின் பெயரை நினைவிலிருந்து எழுதி, அப்படி ஓர் அமைப்பே இல்லை என்று பிறகு தெரியவருவதுண்டு. ‘நடுவரிடம் போகலாம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘தகராறுகள் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவை’ என்று அச்சடித்த இன்வாய்ஸ்களும் ஏராளம். இரண்டும் சேர்ந்தால், எங்கே போவது என்பதற்கே தனி வழக்கு நடக்கும். சேம்பரிடம் மாதிரிப் பிரிவு இருக்கும். அதை வாங்கி ஒரு சொல்லும் மாற்றாமல் ஒப்பந்தத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு. சிறு தொகைக்கு மூன்று நடுவர் என்று எழுதினால் அவர்களுடைய கட்டணமே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். ஒருவர் போதும், அதற்கும் முன்னால் சமரசப் பேச்சு என்று ஒரு படி வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி வகுப்புகளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நல்ல சேம்பரில் ஒரு மதியம் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் ஒன்று: கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தருவது வரை நம் பொறுப்பு) என்று விலை சொல்வது பழைய பழக்கம். அப்படிச் சொன்னால், நாம் கன்டெய்னரை முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகும், அது கப்பலில் ஏறும் வரை சேதத்துக்கான பொறுப்பு நம்முடையது. விற்கிறவர், வாங்குகிறவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி அந்த இடத்துக்குப் பொருந்துவது எப்.சி.ஏ. (சரக்கு கொண்டுசெல்பவரிடம் ஒப்படைப்பது வரை நம் பொறுப்பு). ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடியும். மூன்று எழுத்து மாற்றத்தில் இவ்வளவு இருக்கிறது. குழுக் காப்பீடு, தங்கும் விடுதித் தள்ளுபடி போன்றவையும் உண்டு. கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவற்றுக்காகச் சேர வேண்டியதில்லை.

பழக்கம், தொடர்பு என்பதற்கும் ஓர் இடம் உண்டு, மறுக்கவில்லை. உறுப்பினர் கையேட்டில் நம் தொழிலை ‘பொது வர்த்தகம்’ என்று பதிந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். ‘அட்டைப்பெட்டி, குறைந்த எண்ணிக்கை ஆர்டர், அச்சுடன்’ என்று பதிந்தால் தேடுகிறவர் கண்டுபிடிப்பார். தொலைபேசி எண் மாறினால் சேம்பருக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டத்தில் வாங்கிய விசிட்டிங் கார்டுக்கு மறுநாளே இரண்டு வரி அனுப்பினால் பேச்சு தொடரும், ஒரு மாதம் கழித்து அனுப்பினால் யார் என்று கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே தொழிலில் போட்டியாளராக இருப்பவர்கள் சேம்பர் அறையில் உட்கார்ந்து விலையைப் பேசி வைப்பது, ‘இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு’ என்று பிரித்துக்கொள்வது, ஒரு சப்ளையரிடம் யாரும் வாங்கக் கூடாது என்று முடிவெடுப்பது ஆகியவை போட்டிச் சட்டம் உள்ள நாடுகளில் குற்றமாகவோ கடும் அபராதத்துக்கு உரியதாகவோ ஆகும். சங்கத்தின் மீதும் உறுப்பினர்கள் மீதும் நடவடிக்கை வரலாம். தேநீர் நேரத்தில் பேசியதுதானே என்ற சமாதானம் எடுபடாது. கூட்டத்துக்கு முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் இருக்க வேண்டும், பேச்சு விலைப் பக்கம் திரும்பினால் தலைவர் நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தாவிட்டால் எழுந்து வெளியே வந்து, வந்ததை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். அதேபோல, ‘இவர் பணம் தரமாட்டார்’ என்று ஒருவர் பெயரை உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடும். ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரோடு வியாபாரம் செய்தவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வதே முறை.

சேருவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? சங்கத்தின் துணை விதிகளையும், கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் சங்கத்தில் சேர வேண்டாம். அறிக்கையில் வரவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: சந்தாவும் சான்றிதழ்க் கட்டணமும் பெரும்பங்கு என்றால் அங்கே வேலை நடக்கிறது, மண்டப வாடகை மட்டும்தான் என்றால் யோசிக்க வேண்டும். தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, பதவிக்காலத்துக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். சாதாரண உறுப்பினர், இணை உறுப்பினர், ஆயுள் உறுப்பினர் என்று பிரிவுகள் இருக்கும். இணை உறுப்பினருக்குப் பல இடங்களில் ஓட்டு இருக்காது, இது பணம் கட்டிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. நுழைவுக் கட்டணம் ஒருமுறை, சந்தா ஆண்டுதோறும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உறுப்பினராவது நிறுவனம், கூட்டத்துக்கு வருபவர் அதன் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதி வேலையை விட்டுப் போனால் புதிய பெயரை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழையவர் பெயரில்தான் ஓட்டு இருக்கும். சந்தா பாக்கி விழுந்தால் ஓட்டு போவதோடு, அவசரத்துக்குச் சான்றிதழ் கேட்கப் போன நாளில் கணினி நம் பெயரைத் தடுத்து வைத்திருக்கும்.

எல்லோருக்கும் சேம்பர்தான் சரி என்றும் நாங்கள் சொல்லவில்லை. உங்கள் பிரச்சினை ஒரே தொழிலுக்கு உரியது என்றால், அந்தத் தொழிலுக்கென்று உள்ள சங்கம்தான் அதை நுணுக்கமாக அறியும். பல தொழில்களையும் ஒருசேரப் பாதிக்கும் சாலை, மின்சாரம், துறைமுகம், உள்ளூர் வரி போன்றவற்றில்தான் சேம்பரின் குரல் எடுபடும். இரண்டிலும் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் தகவல் கொண்டுபோகிறார்கள். அவர்கள்தான் ஒரு சங்கத்துக்கு அதிகம் உதவுகிறவர்கள்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் வரைவு விதிகளை வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் அவகாசம் தருகின்றன. விதி இறுதியான பிறகு கொடுக்கும் பத்து மனுவைவிட, அந்த நாட்களுக்குள் கொடுக்கும் ஒரு பக்கத்துக்கு வலிமை அதிகம். ஆனால் வரைவு வந்ததே பல சிறு வணிகர்களுக்கும் சிறிய சங்கங்களுக்கும் தெரிவதில்லை. வணிகப் பக்கத்தின் ஒரு மூலையில், வாரம் ஒருமுறை, எந்த வரைவுக்கு எந்தத் தேதி வரை எந்த முகவரிக்குக் கருத்து அனுப்பலாம் என்று நான்கு வரி வெளியிட்டால், அந்தத் தேதிக்கு முன் கணக்கெடுத்து எழுதும் வேலையைச் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
வர்த்தக சங்கச் செயலகப் பணியாளர்கள் சிலர்